தினமும் அறுபது காலர்

“இன்னும் கொஞ்சம் தூக்குங்க, பார்க்கலாம்” என்றார் அதிகாரி.

தையல்காரி தூக்கிப் பார்த்தாள். இடது கை தோள் உயரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. அக்குளிலிருந்து முழங்கை வரை வீங்கி, சட்டைக் கை இறுக்கிப் பிடித்திருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இவங்க?”

“அக்கா, சார். துணைக்கு வந்திருக்காங்க.”

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கீமோவும் முடிந்து இப்போது கதிர்வீச்சு நடந்துகொண்டிருந்தது. ஒரு வருடமாவது தையல் மெஷின் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தோடுதான் உடல் இயலாதவர்களுக்கான உதவித்தொகை கேட்டு வந்திருந்தாள். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் வருமானம். மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

அதிகாரி கெட்டவர் அல்ல. மருத்துவமனைத் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு தொழிற்சாலை அனுப்பியிருந்த பதிவேட்டைத் திறந்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

ஆறு மாதமாவது வேலை செய்ய முடியாமல் இருந்தவர்களுக்குத்தான் இந்தத் தொகை என்று பொறுமையாக விளக்கினார். பதிவேட்டின்படி, ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் எடுத்த லீவைத் தவிர அவள் ஒரு நாளும் வேலைக்கு வராமல் இருந்ததில்லை. தினமும் அறுபது காலர். கீமோ ஏற்றிய மறுநாள்கூட அறுபது.

“நல்லா இருக்கிறவங்களே அவ்வளவுதானேம்மா தைப்பாங்க? ஒண்ணு, இந்தக் கணக்கு பொய். இல்லன்னா உங்க கைவலி பொய்.”

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேசைக்கு அடியில் தையல்காரியின் வலது கை அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தது.

“கணக்கு சரிதான் சார். நான்தான் தச்சேன்.”

அதிகாரி விடவில்லை. கணக்கு பொய் என்றால் அவளுக்கு உதவித்தொகை கிடைத்துவிடும் என்றார். கையெழுத்துப் போட்ட சூப்பர்வைசருக்கு வேலை போகும். ஆனால் அது அந்த அம்மா பாடு, அதற்கு இவள் ஏன் கவலைப்பட வேண்டும் என்றும் கேட்டார்.

“அவங்க பொய்க் கணக்கு எழுத மாட்டாங்க சார். ரொம்பக் கண்டிப்பானவங்க.”

பெருமூச்சு விட்டபடி அவர் ‘தகுதி இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்து, காகிதத்தை நகர்த்தினார். தையல்காரி அதை வாங்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் தாள்களைப் பையில் அடுக்கினாள். பாதி உள்ளே போனது, பாதி சரிந்து தரையில் விழுந்தது.

“பரவாயில்லக்கா, வாங்க போகலாம்.”

அக்கா எழுந்திருக்கவில்லை.

“இவ ஒரு காலர்கூட தைக்கல சார்” என்றாள். “வேலை போயிடக் கூடாதேன்னு தினமும் வந்து மெஷின் முன்னாடி உட்கார்ந்திருந்தா. அவ்வளவுதான். தச்சுக் கொடுத்தது யாருன்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன்.”

தையல்காரி பதறிப்போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அக்கா, வேண்டாம்க்கா.”

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “கூடப் பிறந்தவங்க இப்படித்தான் பேசுவீங்க. தொழிற்சாலைக்குள்ள நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் இவ கூடப் பிறந்தவ இல்ல சார்.”

பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்த அக்கா, பக்கத்தின் அடியில் இருந்த கையெழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

“இது நான் போட்டது.”