இடிபாட்டுக்குள் ஒரு சொல்

தாராவியில் மழை விடவில்லை. சரிந்து விழுந்த மாடிக்கு அடியில் மார்புவரை புதைந்து கிடக்கிறான் லூர்து. சிமெண்டுத் தூள் அப்பிய உதடுகளிலிருந்து ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. "பாய்... பாய்..." வேலையிடத்திலிருந்து ஓடிவந்த அவன் மனைவி ஜெஸி தலைமாட்டில் மண்டியிட்டு அவன் வாயைத் துடைத்துவிடுகிறாள். பக்கத்துத் தோல் பட்டறைக்காரர் ஜெயினுலாப்தீனைச் சந்தில் எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். தன்னைத்தான் தேடுகிறான் என்று அவர் குனிகிறார். "இங்கனதான்ல நிக்கேன் லூர்து, பயப்படாத." தீயணைப்புக்காரருக்கு அது மராத்தியாகக் கேட்கிறது, பாய் என்றால் அவருக்குக் கால். கால் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கத்தி, ஆட்களையெல்லாம் லூர்துவின் கால்மாட்டில் தோண்டச் சொல்கிறார். கடப்பாரைகள் அங்கே போகின்றன. லூர்துவின் கண்ணில் நீர் வழிகிறது. தலையை அசைக்க முடியாமல், பார்வையை மட்டும் சமையல் மூலைக்குத் திருப்பி, இன்னொரு முறை சொல்கிறான். ஜெஸி அந்த மூலையைத் திரும்பிப் பார்க்கிறாள். மகள் பால்வாடியில் இருக்கிறாள் என்றல்லவா இவ்வளவு நேரமும் நினைத்திருந்தாள்! "பிள்ளய அனுப்பலியா? பாயில கெடக்காளா?" அவன் இமைகளை மூடித் திறக்கிறான்.

"சாப், பைர் நஹி, சட்டாயி! பச்சி சட்டாயி பர் சோயி ஹை!" காலில்லை, குழந்தை பாயில் தூங்குகிறது என்று இந்தியில் அலறிக்கொண்டே அவள் மூலைக்கு ஓடி வெறுங்கையால் செங்கல்லைப் பிடுங்குகிறாள். ஆட்களும் ஓடிவருகிறார்கள். பலகைக்கு அடியில் கோரைப்பாயின் ஓரம் தெரிகிறது. அதற்குள்ளிருந்து சின்னதாக ஓர் இருமல். "ஏங்க, இருக்கா! உசுரோட இருக்கா!" ஜெஸி திரும்பிப் பார்த்துக் கத்துகிறாள். ஜெயினுலாப்தீன் லூர்துவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறார். திறந்த கண்களில் மழை விழுகிறது. லூர்து இமைக்கவில்லை.