குழாயை அடைச்சது யாரு?

துணி காயவைக்கிற டிரையரின் கதவைத் திறந்ததும் கருகல் வாடை குப்பென்று அடித்தது.

சுபலட்சுமி கையை விட்டு இழுத்தாள். மாமியாரின் படுக்கை விரிப்பு. நடுவில் தோசை அகலத்துக்குத் தீய்ந்திருந்தது.

படுத்த படுக்கையாகக் கிடக்கிற மாமியாருக்குத் தினமும் விரிப்பு மாற்றியாக வேண்டும். ஐப்பசி மழையில் மொட்டைமாடியில் போட்டால் எதுவும் காயாது. அதற்காகவே வாங்கிய மெஷின். அதுவும் காலை வாரினால் அவள் என்னதான் செய்வாள்?

புருஷனுக்குப் போன் போட்டாள். தங்கப்பாண்டிக்கு விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை.

“மெஷின் துணியைப் பூராக் கருக்கி வச்சிருக்கு. நீங்க அங்க ஏசிக் காத்துல உக்காந்து சேலை மடிங்க.”

“யாவார நேரம் சுபா. சாயந்தரம் வந்து பாக்குறேன்...”

“வந்து என்னத்தக் கிழிப்பீங்க? நானே பாத்துக்கிறேன். போனை வைங்க.”

மெக்கானிக் முகேஷ் வந்தான். பஞ்சு சேருகிற வலையை உருவிப் பார்த்தான், சுத்தமாக இருந்தது. மெஷினை முன்னால் இழுத்து, சூட்டை வெளியே விடுகிற பின்பக்கத்துக் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று தடவினான். இல்லை. மீட்டரை வைத்து ஹீட்டரையும் சோதித்தான்.

“மெஷின்ல கோளாறு இல்லக்கா. சூடு வெளிய போகல. குழாயோட அந்த முனை எங்க இருக்கு?”

“பக்கத்துச் சந்துல.”

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வண்டி நிறுத்துகிற அகலம்தான் சந்து. முகேஷ் குழாயின் வாய்க்குள் விரலை விட்டு இழுத்தான். சுருட்டித் திணித்த சாக்குத் துணி ஒன்று கையோடு வந்தது.

“யாரோ வேணும்னே அடைச்சிருக்காங்கக்கா. சூடு உள்ளயே சுத்தியிருக்கு. இப்படியே ஓட்டியிருந்தா தீப்புடிச்சிருக்கும்.”

சுபலட்சுமி எதிரே பார்த்தாள். குழாய்க்கு நேராக முத்துமீனா வீட்டு ஜன்னல்.

போன வாரம்தான் அவள் வந்து கேட்டிருந்தாள். “அக்கா, உங்க குழாய்க் காத்து எங்க ரூமுக்குள்ள வருது. கைப்புள்ளைக்கு மேலெல்லாம் வேர்க்குரு. அதைக் கொஞ்சம் மேல திருப்பி விட்டீங்கன்னா...”

“மேல திருப்புனா மழைத்தண்ணி மெஷினுக்குள்ள எறங்கும். அதெல்லாம் ஆகாது” என்று அப்போதே சுபலட்சுமி முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தாள்.

அந்த ஆத்திரத்தை இப்படித் தீர்த்துக்கொண்டாளா?

சாக்கைக் கையில் பிடித்தபடியே போய் முத்துமீனா வீட்டுக் கதவைத் தட்டினாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

“எங்க குழாயை அடைச்சது யாருடி?”

முத்துமீனா அந்தச் சாக்கையே பார்த்தாள்.

“நான்தேன்க்கா.”

இல்லையென்று சாதித்திருந்தால்கூடக் கோபம் அடங்கியிருக்கும். இப்படிக் கூசாமல் சொன்னதும் சுபலட்சுமிக்கு உச்சிமண்டைக்கு ஏறியது.

“வீட்டுக்குள்ள ஒரு உசுரு எந்திரிக்க மாட்டாமக் கெடக்கு. தீப்புடிச்சா யாரு தூக்கிட்டு ஓடுறது? நீ வந்து தூக்குவியா?”

“தப்புதான்க்கா.”

“தப்பா? இதுக்குப் பேரு தப்பா? நீயும் ஒரு புள்ளையப் பெத்தவதானே. கொலகாரி.”

தெருவில் இரண்டு மூன்று கதவுகள் திறந்தன. சத்தத்தில் குழந்தை வீறிட்டது. முத்துமீனா அதன் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றாள்.

“இன்னொருக்க கை வச்சுப் பாரு. போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் மறுவேலை பாப்பேன்.”

சாக்கை அவள் வாசலிலேயே வீசிவிட்டு வந்தாள்.

சாயந்தரம் தங்கப்பாண்டி வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

“எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருங்க. நான்தேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றா. நானும் விடல. கொலகாரின்னு தெருவே கேக்குற மாதிரி கேட்டுட்டேன்.”

தங்கப்பாண்டி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“சுபா, அது நான்.”

“எது?”

“குழாயை அடைச்சது. காலையில வண்டி எடுக்கப் போனா அந்தப் புள்ள கத்துற சத்தம். கையை வச்சுப் பாத்தேன், செங்கச் சூளை கெணக்கா காத்து வருது. மனசு கேக்கல, சாக்கைத் திணிச்சுட்டேன். மெஷின் தீயிற அளவுக்குப் போகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?”

அவர் தரையைப் பார்த்தார்.

“அவளுக்குத் தெரியுமா, நீங்கதான்னு?”

“ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தா.”

சுபலட்சுமி முகேஷுக்குப் போன் செய்தாள். மறுநாளே வந்து குழாயை மேலே திருப்பி, மழைத்தண்ணீர் இறங்காமல் ஒரு மூடியும் போடச் சொன்னாள். பிறகு விடுவிடுவென்று நடந்தாள். கோபம் அப்படியேதான் இருந்தது. யார் மேல் என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

முத்துமீனா கதவைத் திறந்தாள். மறுபடியும் திட்டு விழப்போகிறது என்று நினைத்தோ என்னவோ, பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“செய்யாத தப்பை எதுக்குடி ஒத்துக்கிட்ட? அம்புட்டுப் பேச்சையும் எதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்ட?”

முத்துமீனா மெதுவாகச் சொன்னாள்:

“என்னையத் திட்டுனா நான் எங்க வீட்டுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிருவேன்க்கா. அண்ணே பாவம், அவரு எங்க போவாரு?”