கழுவ வராத குழாய்

அந்த ஆய்வகத்தில் ஆரஞ்சுப் பூசணத்தை நீளக் கண்ணாடிக் குழாய்களில் வளர்ந்து ஓடவிடுவார்கள். ஒரு முனையில் ஆசையாய்க் கிளம்பும். பாதித் தூரத்தில் சுருண்டு செத்துவிடும். செத்த குழாய்கள் அஞ்சலையின் தொட்டிக்குக் கழுவ வரும். கழுவிக் கழுவி அவள் விரல்களே வெளுத்துப்போயின.

"ஏன் மேடம் எல்லாமே பாதியில படுத்துக்குது?"

"செல்லுக்குச் சக்தி குடுக்குற மைட்டோகாண்ட்ரியாவுல பிளாஸ்மிட்னு ஒரு மரபணுத் துணுக்கு புகுந்துடுச்சு, அதுதான் கொல்லுது. தாய்கிட்டேருந்துதான் வரும், தகப்பன்கிட்டேருந்து வராது" என்றாள் ஆய்வு செய்கிற ரெஜினா.

"அப்போ எங்க வீட்டுச் சீக்குதான்."

அஞ்சலையின் அம்மாவும் பெரியம்மாவும் தலை நரைக்குமுன்னே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். அந்த வயது அவளுக்கும் வந்திருந்தது.

ஒருநாள் குழாயை எடுக்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள். பூசணம் சாகிற இடத்தைத் தாண்டி ஓடி, மறுமுனையில் அடைத்திருந்த பஞ்சையே ஆரஞ்சாக்கியிருந்தது.

"மேடம், உங்க பிளாஸ்மிட்டு ஓடிப்போச்சு போல!"

சோதித்துப் பார்த்த ரெஜினா கத்திக்கொண்டே வந்தாள். "போகல அஞ்சலை! உள்ளயேதான் இருக்கு. அதைச் சுமந்துக்கிட்டேதான் பூசணம் இவ்வளவு தூரம் ஓடியிருக்கு!"

அஞ்சலை தலைத்துணியை அவிழ்த்துக் காதோரத்தைக் காட்டினாள். அங்கே ஒற்றை வெள்ளை முடி மினுங்கியது.

"எங்க வீட்டுல இதைப் பாத்த மொதப் பொம்பள நான்தான் மேடம்."

"பிடுங்கிடாத."

"பிடுங்குறதா? துணைக்கு இன்னும் நாலு வரட்டும்."

பிறகு அவள் அலமாரியில் ஏறி, இதுவரை யாருக்கும் தேவைப்படாத மிக நீளமான குழாயை இறக்கினாள். தூசியைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"இந்தாங்க, இதுல விடுங்க. ஓடட்டும்."