தலையசைப்பு

அனல் மின்நிலையத்தை விரிவாக்கலாமா என்று ஊராரிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அது. டெல்லியிலிருந்து வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாததால், பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் சுபத்ராவை மொழிபெயர்க்க மேடையேற்றியிருந்தார்கள். அவள் கணவன் அந்த மின்நிலையத்தில் நிலக்கரி இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. விரிவாக்கம் வந்தால் அவன் வேலை நிரந்தரமாகிவிடும்.

மீன் விற்கும் தேசம்மாள் மைக்கைப் பிடித்தாள். "நாட்டுக்கு கரண்டு வேணுந்தான் சார். அதுக்கோசரம் சாம்பத் தண்ணிய வுட்டு எங்க ஆத்தயே தூத்துட்டீங்க. எறாவும் இல்ல, நண்டும் இல்ல. எம்மவளால மூச்சு வுட முடியல. இன்னோண்ணு வாணாம் சார்."

அதிகாரி சுபத்ராவைப் பார்த்தார். அவள், "மீன் குறைந்துவிட்டதாம். புதிய நிலையத்தில் தன் பிள்ளைக்கு வேலை கேட்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அதிகாரி முகம் மலர்ந்து, பெரிதாகத் தலையசைத்து எழுதிக்கொண்டார். அதைக் கண்ட தேசம்மாள் மேடைக்கே வந்து சுபத்ராவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டாள்.

"இத்தினி வருசத்துல எங்க பேச்சுக்கு ஒருத்தனும் தலையாட்னதில்ல கண்ணு. நீ நல்லாருக்கணும்."

சுபத்ராவால் கைகளை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

கீழே வரிசையில் நின்ற அடுத்த பெண், "எனக்கும் இந்த டீச்சரே சொல்லட்டும்" என்றபடி மைக்கை வாங்கினாள். அதிகாரி புதுப் பக்கத்தைத் திருப்பிவிட்டு சுபத்ராவுக்காகக் காத்திருந்தார்.