சீதாலக்ஷ்மியின் சந்தேகம்

"ஷங்கர், இந்த ஃபைலை எங்கே கொண்டுபோய் சேவ் பண்றது?"

நேற்றைய வகுப்பிலும் இதே கேள்வி. அதற்கு முந்தின வகுப்பிலும் இதே கேள்வி. கேட்டவளும் அதே சீதாலக்ஷ்மி.

ஷங்கர் பல்லைக் கடித்துக்கொண்டான்.

மட்டாஞ்சேரியில் மிளகு ஏற்றுமதி செய்யும் ஆபீஸ் அது. லினக்ஸுக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது என்று யாரோ சொன்னதும், முதலாளிக்குச் சுதந்திர மென்பொருள்மேல் திடீர்ப் பற்று வந்துவிட்டது. எல்லா கம்ப்யூட்டரிலும் லினக்ஸ். சொல்லிக்கொடுக்கும் புண்ணியம் ஷங்கருக்கு. மாசக் கடைசிக்குள் கற்றுக்கொள்ளாதவர் யாராயிருந்தாலும் வல்லார்பாடம் கோடவுனுக்கு மாற்றல்.

மறுபடி செய்து காட்டினான்.

"கொஞ்சம் மெல்ல. அந்த ஃபோல்டர் எங்கேர்ந்து வந்தது?"

பக்கத்து நாற்காலியில் மேனேஜர் வெங்கிடேஸ்வரன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சீதாவுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? அம்மிக்கல்லாக்கும் சரி!"

ஆபீஸே சிரித்தது.

"ஸாரைப் பாருங்கோ," என்றான் ஷங்கர். "இத்தனை நாள்ல ஒரு சந்தேகம் கேட்டிருப்பாரா? கற்பூர புத்தி!"

மேனேஜர் அடக்கமாகத் தலையசைத்துக்கொண்டார்.

சாயா நேரத்தில், கறாராகச் சொல்லிவிடுவதென்று சீதாலக்ஷ்மியின் மேஜைக்குப் போனான்.

"சீதாக்கா, கோவிச்சுக்காதேங்கோ. நாளைலேர்ந்து நீங்க கிளாஸுக்கு வரவேண்டாம். உங்களுக்கு இது வராதுன்னு முதலாளிகிட்ட..."

சொல்லும்போதே கண் கம்ப்யூட்டர் பக்கம் போயிற்று. அவள் திரையில் அன்றைய பில்லெல்லாம் தயார். எல்லாம் லினக்ஸில். ஒவ்வொன்றும் அதனதன் ஃபோல்டரில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"இதெல்லாம் யார் பண்ணிக்குடுத்தா?"

"யார் பண்ணுவா? நான்தான். நீ முதல் நாள் சொன்னபோதே மனசிலாச்சு."

"அப்பறம் எதுக்கு தெனம் அதையே கேட்டு என் பிராணனை வாங்கறேள்? எல்லாரும் சிரிக்கறாளே, நாணக்கேடா இல்லையா?"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறா." சீதாலக்ஷ்மி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "முதலாளிகிட்ட என்னைப் பத்தி என்ன வேணா சொல்லிக்கோ. மாசக் கடைசி வரைக்கும் கிளாஸ்ல மட்டும் இருக்கவிடு. நான் கேக்கலேன்னா, பாவம், மேனேஜர் யார்கிட்ட போய்க் கேப்பார்?"