அசையாமல் இருப்பவர்களுக்கு ஒரு டிக்கட்

"யாரும் பயப்பட வேணாம். இது மாசாமாசம் நாங்க வைக்கிற பாதுகாப்பு ஒத்திகை. எழும்பாம, அசையாம இருக்கிறவங்களுக்கு இன்னொரு டிக்கட் சும்மா தருவோம்."

ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வந்தபோது சுபாஜினி பதுளை மைதானத்து ராட்டினத்தின் உச்சிக்குக் கிட்டிய பெட்டியில், மகள் தயானியை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சற்று முன்புதான் ராட்டினம் ஒரு குலுக்கலோடு நின்றிருந்தது. பக்கத்துப் பெட்டிப் பெண் ஒருத்தி, "எறக்குங்க, எறக்குங்க" என்று கதறிக்கொண்டே கதவுச் சங்கிலியைக் கழற்றப் போனாள். ஒத்திகை என்று காதில் விழுந்ததும் வெட்கச் சிரிப்போடு அடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

சுபாஜினிக்குச் சிரிப்பு வரவில்லை. விடியற்காலை நாலரைக்கு மடுல்சீமையில் தேயிலைத் தோட்டத்து லயத்துக் கதவைச் சாத்திவிட்டுப் புறப்பட்டவள் அவள். பதுளையில் கண் கிளினிக் வரிசையில் மத்தியானம் தாண்டும்வரை நின்று, இரண்டு காலும் மரத்துப் போயிருந்தன. மருந்து விடும்போது அழாமல் இருந்தால் ராட்டினம் ஏற்றுகிறேன் என்று பிள்ளைக்குச் சொல்லித் தொலைத்திருந்தாள். பிள்ளையும் அழவில்லை.

"அம்மா, நமுனுகுல மலை மங்கலாத் தெரியுது."

"மருந்து போட்டா அப்பிடித்தான் இருக்கும். நீ கண்ண மூடிக்க."

மடுல்சீமைக்குக் கடைசி பஸ் ஐந்தேகாலுக்கு. ஐந்து அடிக்க இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. அதை விட்டால் வீடு போய்ச் சேர எத்தனை மணியாகுமோ. விடிந்தால் தோட்டத்தில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பிந்திப் போனால் அன்றைக்கு வேலை கிடையாது.

கீழே ராட்டினத்தை ஓட்டுகிற ஹாஷிம், ஒலிபெருக்கியை வைத்துவிட்டு நாலு ஆட்களோடு சேர்ந்து வளையத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டான். கையாலேயே சுற்றி இறக்கப் போகிறார்களாம். அடியில் நின்ற பெட்டியைத் திறந்து அதிலிருந்தவர்களை இறக்கினார்கள். பிறகு ராட்டினம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது.

சுபாஜினியின் பெட்டி தரைக்கு வந்தது. அவள் எழுந்திருக்கத் தயாரானாள். ஆனால் அது நிற்காமல் அவளைக் கடத்திக்கொண்டு போயிற்று. அரைச் சுற்றுச் சுற்றி, முதலில் காலியான பெட்டிக்கு நேர் எதிரே இருந்ததைத்தான் ஹாஷிம் திறந்தான்.

அடுத்த முறையும் அப்படியே. ஒரு பக்கத்தில் ஒன்று, நேர் எதிர்ப்பக்கத்தில் ஒன்று. முன்னால் வந்தவர்களை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பவர்களை இறக்கும் இந்த நியாயம் அவளுக்குப் பிடிபடவில்லை.

"நானா, எங்கள எறக்குங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு." தரையைக் கடக்கும்போது ஹாஷிமை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க தங்கச்சி. ஆடாம இருங்க."

அவன் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கண்கள் மேலேயே இருந்தன.

மூன்று முறை தரைக்கு வந்து மூன்று முறையும் மேலே போன பிறகுதான் அவள் முறை வந்தது. அப்போது மணி ஐந்து இருபது. அவளுக்கு முன்பே இறங்கியவர்கள் சும்மா டிக்கட்டை வாங்கிக்கொண்டு முணுமுணுத்தபடி கலைந்திருந்தார்கள்.

"ஒத்திகை வைக்க சனம் நெறஞ்ச நேரந்தான் கெடச்சுச்சா ஒங்களுக்கு? என் பஸ்ஸு போயிருச்சு."

"மன்னிச்சுக்கங்க தங்கச்சி. புள்ளயப் பாத்து எறக்குங்க."

"ஒங்க மன்னிப்புல ஏறி நான் மடுல்சீமைக்குப் போகவா?"

ஹாஷிம் மறுபடி மேலே பார்த்தான். கயிற்றை விடாமல், தலையை மட்டும் ஆட்டினான். அவள் டிக்கட்டையும் வாங்காமல் பிள்ளையை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பஸ் நிலையத்தில் மடுல்சீமை பஸ் நிற்கும் இடம் வெறிச்சென்று கிடந்தது. பசறை வரைக்கும் போகிற பஸ் ஆறரைக்குத்தான் என்றார்கள். அங்கிருந்து த்ரீவீல் பிடிக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து பையைத் திறந்தபோதுதான் மருந்து எழுதித் தரும் கிளினிக் கொப்பி இல்லாதது தெரிந்தது. பெட்டியில் விட்டிருக்க வேண்டும். அலுப்போடு அலுப்பாகப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திரும்பவும் மைதானத்துக்கு நடந்தாள். இந்த முறை அந்த மனுசனை நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள்.

டிக்கட் கூண்டு மூடியிருந்தது. ராட்டினத்தின் காலில் முதுகைச் சாய்த்து ஹாஷிம் தரையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவளுடைய கொப்பி பத்திரமாக இருந்தது. தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்கப் பார்த்தான், விரல்கள் வளையவில்லை. உள்ளங்கைகள் இரண்டிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

கேட்க வந்த நாலு வார்த்தையும் சுபாஜினிக்கு மறந்துபோயிற்று. போத்தலை வாங்கித் திறந்து அவன் கையில் தண்ணீரை ஊற்றினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். தோட்டத்தில் தினமும் கொப்புளம் பார்க்கிறவள்தான். ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"வெறும் ஒத்திகைக்கே இப்பிடி ஆயிட்டீங்களே நானா. நெசமா ஒண்ணு நடந்துட்டா என்ன செய்வீங்க?"

ஹாஷிம் சுற்றுமுற்றும் பார்த்தான். வேறு யாரும் இல்லை.

"நெசமாத்தான் நடந்துச்சு தங்கச்சி. மோட்டரு நின்னுபோச்சு, ஒரு பக்கம் பாரம் கூடியிருந்தா சக்கரம் எங்க கைய மீறிச் சுத்தியிருக்கும்."