கரும்பலகையின் மேல்பாதி

எங்கள் வீட்டில் உண்மையை முகத்துக்கு நேரே சொல்லும் ஒரே ஜீவன் நான்தான். மற்ற எல்லாரும் 'ஒண்ணுமில்ல' கட்சி.

அம்மாவின் கூன் முதுகைப் பற்றி டாக்டரிடமும் அப்படியே சொன்னேன்.

"எல்லாம் பழக்கம் சார். கணக்கு டீச்சர், ஆனா போர்டுல கீழ்ப்பாதியிலதான் எழுதறாங்க. மேல்பாதி புத்தம் புதுசா இருக்கு."

அம்மா சிரித்தாள். என் ஜோக்குக்கெல்லாம் முதலில் சிரிப்பது அவள்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.

செங்கல் அடுக்கியது போலிருந்தது முதுகெலும்பு. மேல்முதுகில் மட்டும் மூன்று செங்கற்கள் முன்பக்கம் நசுங்கி, ஆப்பு வடிவில் இருந்தன.

அடுக்கு முன்னால் சாயாமல் என்ன செய்யும்? நிமிரச் சொன்னால் நிமிராது, என்றார். நசுங்கிய அன்று உயிர் போகிற மாதிரி வலித்திருக்குமாம்.

ஒரு வருடமாக அந்த முதுகில்தான் தினம் தட்டி, 'நிமிரு' என்றேன். கேள்விக்குறி என்று பட்டப்பெயர் வேறு.

"விழுந்தீங்களா? கனமா எதையாவது தூக்கினீங்களா?"

காரணம் தெரிந்தால் மாத்திரையோடு போகும். ஒன்றுமே செய்யாமல் நொறுங்கியதென்றால், உள்ளே வேறு கோளாறா என்று எலும்பில் ஊசி இறக்கித்தான் பார்க்க வேண்டுமாம்.

"ஐயோ, இவன் என்னை ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்க விடமாட்டான் சார்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருதா?"

வந்தது. போன வருடம் ஹாஸ்டலைக் காலி செய்து வீட்டுக்கு வந்த நாள். லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி. நான் நடத்தும் நையாண்டிப் பத்திரிகையின் விற்காத பிரதிகள், இருநூறு, ஒரே கட்டாக அம்மாவின் கையில். நான் போனைப் பார்த்தபடி முன்னால் ஏறிக்கொண்டிருந்தேன்.

"உண்மைன்னா கனமாத்தான்மா இருக்கும்" என்று அதற்கும் ஒரு ஜோக்.

இரண்டாவது மாடியில் கட்டை இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. என்னம்மா என்றேன். ஒண்ணுமில்ல என்றாள். நான் மேலே ஏறிப் போய்விட்டேன்.

அம்மா இப்போது என்னைப் பார்க்கவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சு எதையும் தூக்கல சார்" என்றேன்.

டாக்டர் ஊசிக்கு நாள் குறித்து, சீட்டை அம்மாவிடம் நீட்டினார்.